ஜனாதிபதி முறையை ஒழித்தால் நமக்கு உண்மையில் என்ன மாறும்?

கரவெட்டி ஆசிரியர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பித்து வருகிறேன். பாராளுமன்ற முறைக்கும் ஜனாதிபதி முறைக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடநூலில் உள்ளபடி சொல்லிக்கொடுப்பதில் எனக்குச் சிரமம் எதுவும் இல்லை. பாராளுமன்ற முறையில் நிறைவேற்றுத்துறை சட்டத்துறைக்குள்ளிருந்து பிறந்து, சபையின் நம்பிக்கை இருக்கும் வரை மட்டுமே நிலைக்கிறது. ஜனாதிபதி முறையில் மக்கள் இரண்டையும் தனித்தனியே தெரிவுசெய்வதால், ஒன்று மற்றொன்றை இலகுவில் வீழ்த்த முடியாது. கரும்பலகையில் இரண்டு நிரல் வரைந்து, ஒன்றில் பிரித்தானியாவையும் மற்றொன்றில் அமெரிக்காவையும் எழுதினால் பாடம் முடிந்துவிடும்.

நம்முடைய நாடு எந்த நிரலிலும் சரியாக அடங்காததுதான் சிக்கல். 1978 ஆம் ஆண்டு அரசியல் யாப்பின்படி ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தெரிவுசெய்கிறார்கள். அவரே அரசின் தலைவர், அரசாங்கத்தின் தலைவர், அமைச்சரவையின் தலைவர், முப்படைகளின் தளபதி. ஆனால் அமைச்சர்கள் அமெரிக்காவில் போல வெளியிலிருந்து வருவதில்லை, பாராளுமன்ற உறுப்பினர்களிலிருந்தே நியமிக்கப்படுகிறார்கள். பிரதமர் என்று ஒருவரும் இருக்கிறார்.

சென்ற வாரம் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "சேர், 1948 இலும் 1956 இலும் 1972 இலும் நிறைவேற்று ஜனாதிபதி என்று ஒருவர் இருக்கவில்லையே. எங்களுக்கு எதிரான சட்டங்களையெல்லாம் பிரதமர்கள்தானே கொண்டுவந்தார்கள்? பிறகு ஏன் ஜனாதிபதி முறையை ஒழிக்க வேண்டும் என்று தமிழர்களும் சேர்ந்து சொல்கிறோம்?" என்று கேட்டாள். 1948 பிரஜாவுரிமைச் சட்டம், 1956 தனிச் சிங்களச் சட்டம், 1972 குடியரசு யாப்பு ஆகியவற்றையே அவள் சொன்னாள். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த பாடவேளையில் சொல்கிறேன் என்று கூறிவிட்டு வந்தேன்.

1995 ஜூலை 15 ஆம் திகதிக்குள் இந்த முறையை ஒழித்துவிடுவேன் என்று சந்திரிகா அம்மையார் 1994 இல் வாக்குறுதி அளித்தபோது நான் பள்ளி மாணவன். 2015 இல் அதே வாக்குறுதியை மைத்திரிபால சிறிசேன அளித்தார். 2024 இல் தேசிய மக்கள் சக்தியின் விஞ்ஞாபனத்திலும் அது இருந்தது. முப்பது ஆண்டுகளாக ஒரே வாக்குறுதியைக் கேட்டு வந்தும், அது நிறைவேறினால் நம் வாழ்வில் என்ன மாறும் என்பதை நான் ஒருபோதும் ஊன்றி யோசித்ததில்லை என்பதை அந்தப் பிள்ளையின் கேள்விதான் எனக்கு உணர்த்தியது. இதைப் பற்றி யோசித்தவர்கள் தங்கள் கருத்தை எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வெள்ளவத்தை நிலவன்:

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் சட்டத்தரணி. இரண்டு முறைகளையும் ஒப்பிடும்போது, தலைவர் எப்படி வருகிறார் என்பதை விட எப்படிப் போகிறார் என்பதைப் பார்க்கும்படி மாணவர்களிடம் சொல்லுங்கள். அதற்கு 2022 ஜூலை முதல் இரண்டு வாரங்களை விடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரம் இலண்டனில் பிரதமர் பொரிஸ் ஜோன்சன் மீது அவருடைய கட்சியினரே நம்பிக்கை இழந்தார்கள். இரண்டு மூன்று நாட்களுக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் அரசாங்கப் பொறுப்புகளிலிருந்து விலகினார்கள். ஜூலை 7 ஆம் திகதி அவர் வெளியே வந்து, பதவி விலகுவதாக அறிவித்தார். ஒரு கல் எறியப்படவில்லை. ஒருவரும் சுடப்படவில்லை.

கொழும்பில் அதே வேலைக்கு எத்தனை மாதம் எடுத்தது என்று பாருங்கள். ஏப்ரல் 3 ஆம் திகதி இரவு அமைச்சரவை ஒட்டுமொத்தமாக விலகியது, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச இருந்தார். ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக நாடு அறிவித்தது, ஜனாதிபதி இருந்தார். மே 9 ஆம் திகதி அவருடைய அண்ணனான பிரதமர் பதவி விலகினார்; ஜனாதிபதி இருந்தார். மே 17 ஆம் திகதி, அவர் மீது அதிருப்தி தெரிவிக்கும் பிரேரணையை உடனே விவாதிப்பதற்காக நிலையியற் கட்டளைகளை (சபையின் நடைமுறை விதிகளை) இடைநிறுத்தும்படி சபையில் கோரப்பட்டபோது, அது 68 க்கு 119 என்ற வாக்குகளால் தோற்றது. அது வென்றிருந்தாலும், சட்டப்படி அவரை ஒன்றும் செய்திருக்க முடியாது. ஜூலை 9 ஆம் திகதி மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்த பிறகே அவர் ஓடினார். 14 ஆம் திகதி வெளிநாட்டிலிருந்து பதவி விலகல் கடிதம் அனுப்பினார்.

யாப்பின் 38 ஆவது உறுப்புரையில் குற்றப்பிரேரணைக்கு வழி இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அந்த வழியைப் படித்துப் பாருங்கள். உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கையொப்பமிட்டு அறிவித்தல் கொடுக்க வேண்டும்; பாதிப் பேர் மட்டுமே கையொப்பமிட்டால், விசாரணைக்கு உரிய விடயம் என்று சபாநாயகர் திருப்தியடைய வேண்டும். பின்பு பிரேரணை மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் நிறைவேற வேண்டும், உயர் நீதிமன்றம் விசாரித்துக் குற்றவாளி என்று காண வேண்டும், அதன் பிறகு மீண்டும் ஒருமுறை மூன்றில் இரண்டு வேண்டும். 1991 இல் ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிராக லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் இந்த வழியில் முதல் அடி எடுத்து வைத்தார்கள். அது அங்கேயே நின்றுபோனது. மேலும் அந்த உறுப்புரை கேட்பது குற்றத்தை: யாப்பு மீறல், துரோகம், ஊழல், அதிகாரத் துஷ்பிரயோகம். நாட்டை நடத்தத் தெரியாமை அந்தப் பட்டியலில் இல்லை. பிரதமரை நீக்குவதற்கோ அவர் குற்றவாளியாக இருக்க வேண்டியதில்லை; சபையின் நம்பிக்கையை இழந்தாலே போதும்.

இந்த நாட்டிலேயே அது நடந்திருக்கிறது. 1960 ஏப்ரலில் டட்லி சேனநாயக்கவின் சிறுபான்மை அரசாங்கம் சிம்மாசனப் பிரசங்கத்தின் (அரசாங்கத்தின் கொள்கை உரையின்) மீதான வாக்கெடுப்பில் கவிழ்ந்தது. 1964 டிசம்பர் 3 ஆம் திகதி சிறிமாவோ அம்மையாரின் அரசாங்கம் ஒரே ஒரு வாக்கால் தோற்றது. இந்த அனுபவங்களுக்குப் பிறகுதான், 1966 டிசம்பரில் ஜே.ஆர். ஜயவர்தன, சட்டமன்றத்தின் மனம்போன போக்குக்கு ஆட்படாத, குறித்த காலம் வரை அசைக்க முடியாத நிறைவேற்றுத்துறை வேண்டும் என்று ஓர் உரையில் வெளிப்படையாக வாதிட்டார். அவர் விரும்பியதை 1978 இல் அவரே கட்டி எழுப்பினார். 2022 இல் நாம் பார்த்தது அந்தக் கட்டடம் அவர் வரைந்தபடியே வேலை செய்ததைத்தான். அதனால் உங்கள் மாணவிக்கு என் பதில்: தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்ற பேதமின்றி, தவறிழைக்கும் ஆட்சியாளரை இரத்தம் சிந்தாமல் வீட்டுக்கு அனுப்பும் வழி நமக்குத் திரும்பக் கிடைக்கும்.

கிழக்கு வாசகர்:

நிலவன் அவர்களின் பதிவை மதிப்போடு படித்தேன். எனினும் நான் முற்றாக உடன்படவில்லை. நான் திருகோணமலை மாவட்டத்து முஸ்லிம். சிறுபான்மையினருக்கு ஜனாதிபதி முறையில் ஒரு பிடி இருக்கிறது. அதை விட்டுவிடுவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதும் ஒரே தொகுதி. செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் எடுக்க வேண்டும். சிங்கள வாக்கு இரண்டாகப் பிரிந்து நிற்கும் காலமெல்லாம், மூதூரில் விழும் வாக்கும் மன்னாரில் விழும் வாக்கும் அக்கரைப்பற்றில் விழும் வாக்கும் காலியில் விழும் வாக்குக்குச் சமமான எடையோடு எண்ணப்படுகின்றன. 2015 இல் மைத்திரிபாலவுக்கும் மஹிந்தவுக்கும் இடையே இருந்த வித்தியாசம் சுமார் 4½ லட்சம் வாக்குகள். வடக்கையும் கிழக்கையும் நீக்கிவிட்டு எண்ணினால் முடிவு தலைகீழாகியிருக்கும். 2005 இல் வித்தியாசம் இரண்டு லட்சத்தையும் எட்டவில்லை. புலிகள் திணித்த புறக்கணிப்பால் யாழ்ப்பாணத்தில் வாக்களித்தவர்கள் ஒரு சதவீதத்தை ஒட்டியே இருந்தார்கள். வாக்களிக்காமல் விட்டதும் ஒரு ஜனாதிபதியைத் தெரிவுசெய்தது.

பிரதமர் முறையில் இந்தப் பிடி இருக்காது. 1977 இல் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 51 சதவீத வாக்குகளை எடுத்து 168 ஆசனங்களில் 140 ஐப் பெற்றது. தென்னிலங்கையின் ஆசனங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கட்சி ஆட்சியமைக்கவும் முடியும், யாப்பையே மாற்றவும் முடியும். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டிய தேவையே அதற்கு இல்லை. மாறாக 1988 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். பிரேமதாசவுக்குச் சிறுபான்மை வாக்குகள் தேவைப்பட்டன. முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப் அந்த நேரத்தில் கேட்டுப் பெற்றது என்ன? விகிதாசாரத் தேர்தலில் ஒரு கட்சி ஆசனம் பெறுவதற்கான குறைந்தபட்ச வாக்கு வீதம் எட்டில் ஒன்றிலிருந்து இருபதில் ஒன்றாக, அதாவது 12.5 இலிருந்து 5 சதவீதமாக, 15 ஆவது திருத்தத்தால் குறைக்கப்பட்டது. இன்று நாடெங்கும் சிறு கட்சிகள் பாராளுமன்றத்தில் அமர்ந்திருப்பதற்கு அந்த ஒரு பேரம் காரணம். ஜனாதிபதித் தேர்தல் வராதிருந்தால் அந்தப் பேரம் நடந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

2019 ஐச் சுட்டிக்காட்டி என்னை மறுப்பீர்கள் என்று தெரியும். கோட்டாபய 52 சதவீதத்துக்கு மேல் எடுத்தார். அவருக்கு எங்கள் வாக்குகள் தேவைப்படவில்லை. கொரோனாவில் இறந்த எங்கள் உறவுகளின் ஜனாஸாக்களைப் பலவந்தமாக எரித்த மாதங்களில், எங்களிடம் எந்தப் பிடியும் இருக்கவில்லை. அந்த வேதனையை மறந்துவிட்டு நான் இதை எழுதவில்லை. பிடி எப்போதும் பலனளிக்கும் என்று நான் சொல்லவில்லை. பிரதமர் முறையில் அது இன்னும் அரிதாகவே பலனளிக்கும் என்கிறேன்.

ஊவா மலையகம்:

மாணவியின் கேள்வியில் முதலில் நிற்கும் ஆண்டு 1948. அதைப் பற்றி மலையகத்திலிருந்து ஒருவர் பேசாமல் இந்த விவாதம் முழுமையடையாது.

1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர்கள் வாக்களித்து, இலங்கை இந்தியக் காங்கிரஸின் பிரதிநிதிகளைச் சபைக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தொடர்ந்து 1949 இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு வாக்குரிமையும் பறிபோனது. 1952 பாராளுமன்றத்தில் எங்கள் தோட்டங்களின் குரல் ஒன்று கூட இல்லை. நாங்கள் சபையில் இருந்தபோது அந்தச் சபையே எங்களை வெளியேற்றியது. சுதந்திரத்தின்போது இருந்த சோல்பரி யாப்பின் 29 ஆவது பிரிவு சிறுபான்மையினரைக் காக்கும் என்று நம்பி வழக்கை இலண்டன் வரை கொண்டுபோனோம். கோடாக்கன் பிள்ளை வழக்கில் 1953 இல் அன்றைய இறுதி மேன்முறையீட்டு நீதிமன்றமான பிரிவி கவுன்சிலும் கைவிரித்துவிட்டது.

1964 இல் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எங்களைப் பங்கு பிரித்தபோது, இரு பக்கத்திலும் இருந்தவர்கள் பாராளுமன்றத்துக்குப் பொறுப்புக் கூறும் பிரதமர்கள். எந்தச் சபைக்கு அவர்கள் பொறுப்புக் கூறினார்களோ, அந்தச் சபையில் எங்களுக்கு வாக்கு இல்லை. என் பாட்டியின் இரண்டு அண்ணன்மார் கப்பலேறிப் போனார்கள். அவர்களை அவர் மறுபடியும் காணவேயில்லை.

நிலவன் அவர்கள் சொல்லும் பொறுப்புக்கூறல் உண்மையானது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது யாருக்குப் பொறுப்பு என்ற கேள்வியை அவருடைய பதில் தொடவில்லை. நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சிறப்புச் சட்டம் 1988 இல் வந்தது என்பதையும், அது ஜனாதிபதித் தேர்தல் நடந்த ஆண்டு என்பதையும் கிழக்கு வாசகரின் கருத்துக்குத் துணையாக இங்கே பதிவுசெய்ய வேண்டும். எங்கள் தலைகள் வாக்குகளாக எண்ணப்பட்டபோதுதான் எங்கள் பெயர்கள் பிரஜைகளாக எழுதப்பட்டன.

மதுரை வாசகி:

வணக்கம். இந்தியாவிலிருந்து எழுதுகிறேன். ஒரு சிறு குறிப்பு: நீங்கள் உயர் நீதிமன்றம் என்று எழுதுவது நாங்கள் உச்ச நீதிமன்றம் என்று சொல்வதை. எங்கள் பக்கத்தில் படிப்பவர்கள் குழம்ப வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவுச் சட்டத்தை முன்வைத்து அம்பேத்கர் ஆற்றிய உரை இந்த விவாதத்துக்கு நேரடியாகப் பொருந்துகிறது. ஒரு ஜனநாயக நிர்வாகத்துக்கு இரண்டு குணங்கள் வேண்டும்: அது நிலைத்திருக்க வேண்டும், பொறுப்போடும் இருக்க வேண்டும். இரண்டையும் சம அளவில் தரும் ஏற்பாட்டை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். அமெரிக்க முறையில் நிர்வாகத்தின் பொறுப்பைத் தேர்தலின்போது மக்கள் அளக்கிறார்கள். நாடாளுமன்ற முறையில் அந்த அளவெடுப்பு அன்றாடமும் நடக்கிறது, கேள்விகளாலும் தீர்மானங்களாலும் நம்பிக்கையில்லாத் தீர்மானங்களாலும் விவாதங்களாலும். எங்கள் அரசியலமைப்பு நிலைத்தன்மையைவிடப் பொறுப்பையே அதிகம் விரும்பித் தேர்ந்தெடுத்தது என்பது அவருடைய விளக்கம். ஜே.ஆர். ஜயவர்தன பிற்காலத்தில் அதே தராசில் எதிர்த் தட்டைத் தேர்ந்தெடுத்தார் என்று நிலவன் எழுதியதிலிருந்து புரிந்துகொள்கிறேன்.

அந்தத் தேர்வுக்கு நாங்கள் கொடுத்த விலையும் உண்டு. 1999 ஏப்ரலில் அதிமுக ஆதரவை விலக்கியதும், வாஜ்பாய் அரசு 269 க்கு 270 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்து, நாடு மறுபடியும் தேர்தலைச் சந்தித்தது. ஆனால் ஒரு மாநிலக் கட்சி டெல்லி ஆட்சியை நிறுத்தவும் வீழ்த்தவும் முடிந்தது என்பதையும் அதே நிகழ்ச்சி காட்டுகிறது. கிழக்கு வாசகர் பேசும் பிடி நாடாளுமன்ற முறையிலும் கிடைக்கும். தனிக்கட்சிப் பெரும்பான்மை அமையாத காலங்களில் மட்டும்தான் கிடைக்கும் என்பதே வேறுபாடு.

நாடாளுமன்ற முறை தானாகவே யாரையும் காப்பாற்றிவிடும் என்று நம்பிவிடாதீர்கள் என்றும் உங்கள் மாணவர்களிடம் சொல்லுங்கள். 1975 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலையைக் கொண்டுவந்தவர் பிரதமர். அதற்கு ஒப்புதல் அளித்தது நாடாளுமன்றம். மக்களவை தன் ஆயுளைத் தானே நீட்டித்துக்கொண்டது. தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று, சட்டமன்றத்தில் பெரும்பான்மை இருந்த திமுக அரசு கலைக்கப்பட்டது; ஆளுநர் அறிக்கை அனுப்பினார், மத்திய அமைச்சரவை பரிந்துரைத்தது, குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். ஒரு மாநில அரசுக்குப் பெரும்பான்மை உண்டா இல்லையா என்பதைச் சட்டமன்றத்திலேயே சோதித்துப் பார்க்க வேண்டும் என்று 1994 இல் பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொல்லும் வரை மாநில அரசைக் கலைக்க வழிசெய்யும் இந்த 356 ஆவது பிரிவு மிகத் தாராளமாகப் பயன்படுத்தப்பட்டது. எனக்கு அப்போது பதினொரு வயது. அப்பா செய்தித்தாளில் அந்தத் தீர்ப்பை வாசித்துவிட்டு நீண்ட நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது.

கரவெட்டி ஆசிரியர்:

அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நால்வரின் பதிவுகளையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

மதுரை வாசகி குறிப்பிட்ட பிடி இங்கேயும் இருந்திருக்கிறது. 1965 இல் தமிழரசுக் கட்சி 14 ஆசனங்களோடு டட்லி சேனநாயக்கவின் தேசிய அரசாங்கத்தில் சேர்ந்தது, மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார். டட்லியும் செல்வநாயகமும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி மாவட்ட சபைகள் அமைய வேண்டும். தென்னிலங்கையிலும் அவருடைய கட்சிக்குள்ளும் எழுந்த எதிர்ப்பால் பிரதமர் அதைக் கைவிட்டார். 1968 இல் தமிழரசுக் கட்சி வெளியேறியது. 1957 இல் பண்டாரநாயக்க செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கும் அடுத்த ஆண்டு அதே கதி நேர்ந்திருந்தது. நிலவன் அவர்கள் பெருமையாகச் சொல்லும் அன்றாடப் பொறுப்புக்கூறல்தான் இந்த இரு பிரதமர்களையும் பின்வாங்க வைத்தது என்பதை எண்ணும்போது எனக்குத் துயரமாக இருக்கிறது. பெரும்பான்மையினருக்குப் பொறுப்புக் கூறுபவர், பெரும்பான்மையினர் விரும்பாத நீதியை எப்படி வழங்குவார்? ஜே.ஆர். சொன்ன அசைக்க முடியாத தலைவருக்கு அந்தத் துணிவு இருந்திருக்கலாமே என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு 1982 நினைவுக்கு வந்தது. திகதியிடாத பதவி விலகல் கடிதங்களைத் தன் உறுப்பினர்களிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டு, பொதுத் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு நடத்திப் பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுகள் நீட்டியவர் அவர். அசைக்க முடியாத பலத்தை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதை 1983 க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குக் கூட நாம் சொல்லத் தேவையில்லை.

மதுரை வாசகி எழுதிய ஆளுநர் செய்தி என்னை வேறொரு பக்கம் திருப்பியது. நம்முடைய மாகாண ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. ஜனாதிபதி முறை ஒழிந்தால் அந்த அதிகாரம் எங்கே போகும்? நிலவன் அவர்கள் இதை விளக்க முடியுமா?

வெள்ளவத்தை நிலவன்:

சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள் ஐயா. மலையக நண்பரும் நீங்களும் கேட்ட கேள்விகளுக்குப் பிறகு, என் முதல் பதில் பாதிப் பதில் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மாகாண சபைகளை உருவாக்கிய 13 ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 154ஆ உறுப்புரையின்படி, ஆளுநரை ஜனாதிபதி நியமிக்கிறார். ஜனாதிபதியின் விருப்பம் உள்ளவரை ஆளுநர் பதவியில் இருப்பார். மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் ஆளுநரிடம் இருக்கிறது. முதலமைச்சரும் அமைச்சர்களும் அவருக்கு ஆலோசனை கூறுகிறார்கள், ஆனால் அவர் தன் விருப்பப்படி செயற்பட வேண்டிய விடயங்களும் உண்டு; ஒரு விடயம் அந்த வகையைச் சேர்ந்ததா இல்லையா என்பதிலும் அவருடைய முடிவே இறுதியானது. 1987 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தின்படி நிதி தொடர்பான நியதிச்சட்டம் (மாகாண சபை இயற்றும் சட்டம்) ஒன்றை அவருடைய சிபாரிசு இல்லாமல் சபையில் முன்வைக்கவும் முடியாது. யுத்தம் முடிந்த பின் 2009 முதல் 2015 வரை வட மாகாணத்தில் ஆளுநராக இருந்தவர் ஓய்வுபெற்ற இராணுவ மேஜர் ஜெனரல். மக்கள் 2013 இல் தெரிவுசெய்த சபைக்கு மேலே அவர் அமர்ந்திருந்தார்.

இப்போது ஜனாதிபதியின் நிறைவேற்று அதிகாரங்களைப் பிரதமரிடம் மாற்றினால், ஆளுநர் பிரதமரின் விருப்பம் உள்ளவரை இருப்பார். கொழும்புக்கு உள்ளே ஒரு நாற்காலியிலிருந்து இன்னொரு நாற்காலிக்கு அதிகாரம் நகரும். யாழ்ப்பாணத்தை நோக்கியோ திருகோணமலையை நோக்கியோ ஓர் அங்குலம் கூட நகராது. ஆகவே ஒழிப்புத் திருத்தம் வரும்போது, அத்தோடு 154ஆ போன்ற உறுப்புரைகளும் திருத்தப்படுகின்றனவா என்பதைப் பார்த்தே நாம் ஆதரிக்க வேண்டும் என்பது என் கருத்து. தமிழ்க் கட்சிகள் இதை நிபந்தனையாக வைக்காமல் ஒழிப்புக்குக் கை உயர்த்தினால், அது பெரும் தவறாகிவிடும்.

நடைமுறையைப் பற்றியும் மாணவர்களுக்குச் சொல்லலாம். 2015 இல் ஜனாதிபதியின் அதிகாரங்களைக் குறைக்கும் 19 ஆவது திருத்தத்தின் வரைவு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றபோது, அமைச்சரவையை வழிநடத்தும் அதிகாரத்தை ஜனாதிபதியிடமிருந்து பிரதமருக்கு மாற்றும் வாசகங்களுக்குச் சர்வசன வாக்கெடுப்பு வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. அரசாங்கம் அவற்றைக் கைவிட்டது. மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு நாட்டு மக்களின் ஒப்புதலும் வேண்டும் என்பதே இதன் பொருள். 2024 இல் தேசிய மக்கள் சக்தி 225 இல் 159 ஆசனங்களைப் பெற்றிருப்பதால் முதல் தடை அவர்களுக்கு இல்லை. இரண்டாவது தடையைத் தாண்ட மக்களிடம் போக வேண்டும். கிழக்கு வாசகர் சொன்ன பிடி அந்த ஒரு நாளிலும் இருக்கிறது: சர்வசன வாக்கெடுப்பிலும் நாடு முழுவதும் ஒரே தொகுதிதான்.

19 ஆவது திருத்தத்தில் தப்பிப் பிழைத்த பகுதிகள் வீண்போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2018 ஒக்டோபர் 26 ஆம் திகதி மைத்திரிபால திடீரென்று பிரதமரை நீக்கி, பின் பாராளுமன்றத்தையும் கலைத்தபோது, நாலரை ஆண்டுக்கு முன் கலைக்க முடியாது என்ற அந்தத் திருத்தத்தின் வாசகத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏழு நீதியரசர்கள் டிசம்பர் 13 ஆம் திகதி ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்பு நாளில் நீதிமன்றத்தில் நின்ற எவரும் அதை மறக்க மாட்டார்கள். எழுதப்பட்ட ஒரு வரி, அதை எழுதச் சம்மதித்த ஜனாதிபதியையே கட்டிப்போட்டது.

ஒரு யோசனை சொல்கிறேன். வகுப்பில் 154ஆ, 154இ, 154ஊ உறுப்புரைகளை எடுத்து, "ஜனாதிபதி" என்ற சொல் வரும் இடமெல்லாம் "பிரதமர்" என்று மாற்றி மாணவர்களை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.

கரவெட்டி ஆசிரியர்:

நிலவன் அவர்கள் சொன்னபடி இன்று வகுப்பில் செய்தோம். கேள்வி கேட்ட மாணவியே எழுந்து வாசித்தாள். "பிரதமரின் விருப்பம் உள்ளவரை" என்ற இடத்தில் நிறுத்தி, அந்த இடத்தில் "மாகாண சபையின் விருப்பம் உள்ளவரை" என்று எழுதினால் அதை எந்த முறை என்று அழைப்பது, அதற்குப் பாடநூலில் நிரல் இருக்கிறதா என்று கேட்டாள். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன், தென்னாபிரிக்காவில் ஜனாதிபதியைப் பாராளுமன்றமே தெரிவுசெய்கிறது, அப்படியானால் அது எந்த நிரல் என்று சேர்ந்துகொண்டான். மணி அடித்த பிறகும் பிள்ளைகள் கலையவில்லை.

ஜனாதிபதி முறையை ஒழிப்பதையும் பிராந்தியங்களுக்கு அதிகாரம் பகிர்வதையும் ஒரே ஆவணத்தில் கொண்டிருந்த 2000 ஆகஸ்ட் யாப்பு வரைவை அடுத்த வாரம் எடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அதன் தமிழ்ப் பிரதி யாரிடமாவது இருந்தால் இங்கே தெரிவிக்கும்படி வேண்டுகிறேன்.